ரிகி மலையில் பனிமாதா கோயிலடி விடுதிகள்: கதையை எங்கிருந்து தொடங்குவது?

மலைச்சரிவு எழுதியது:

சுவிட்சர்லாந்தின் ரிகி மலையைப் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகள் ஏறக்குறைய எல்லாமே இரண்டு ஆண்டுகளில் ஒன்றிலிருந்துதான் கதையைத் தொடங்குகின்றன. ஒன்று, உச்சியில் முதல் விடுதி எழுந்த 1816. மற்றொன்று, பற்சக்கர ரயில் ஏறத் தொடங்கிய 1871. போன கோடையில் அங்கே போய்வந்த பிறகு எனக்கு இதில் ஒரு மனக்குறை. அவ்விரண்டு ஆண்டுகளுக்கும் வெகு முன்னதாகவே அந்த மலையில் வெளியூர்க்காரர்களுக்கு உணவும் படுக்கையும் கொடுத்துக் காசு வாங்கிய விடுதிகள் இருந்தன. அவை உச்சியில் இல்லை; ஒரு பள்ளத்தில், சிறிய மாதா கோயில் ஒன்றின் வாசலை ஒட்டி இருந்தன.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ரிகி 1,798 மீட்டர் உயரமுள்ள மலை. லூசெர்ன், ஸுக், லாவெர்ட்ஸ் ஆகிய மூன்று ஏரிகளுக்கு நடுவே தனித்து நிற்கிறது. அதன் அடிவாரத்தில் ஆர்த், கோல்டாவ் என்ற ஊர்கள் உள்ளன. அங்கிருந்து ஏறினால், உச்சிக்குச் சுமார் 500 மீட்டர் கீழே, சரிவுகள் சூழ்ந்த குழிவான இடம் ஒன்று வரும். அதற்குக் கிளோஸ்டர்லி என்று பெயர். 'குட்டி மடம்' என்று பொருள். கோடை முழுவதும் மாடுகளோடு மேய்ச்சல் குடில்களிலேயே தங்கி வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்த இடையர்களால், ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசைக்காக அடிவாரம்வரை இறங்கி மறுபடியும் ஏற முடியவில்லை. ஆகவே 1689-இல் கோயில் அவர்களைத் தேடி மேலே போயிற்று. ஆர்த் ஊரில் மடம் வைத்திருந்த கப்புச்சின் துறவிகள் வந்து பூசை வைத்தார்கள். அவர்கள் தங்கிய சிறு மனையே அந்த இடத்துக்குப் பெயரையும் கொடுத்தது. கோயில் பனிமாதாவுக்கு நேர்ந்துகொள்ளப்பட்டது.

இடையர்களுக்காகக் கட்டிய கோயிலுக்கு அடிவார ஊர்களிலிருந்தும் ஏரிக்கு அப்பாலிருந்தும் மக்கள் நேர்ச்சைக்கு வரத் தொடங்கினார்கள். கட்டி முப்பது ஆண்டுகளுக்குள் முதற்கோயில் போதாமல் போய், 1720 வாக்கில் பெரிய கோயில் எழுந்தது. 1730களில் போப்பாண்டவர் 12-ஆம் கிளெமென்ட் இத்தலத்துக்கு வருவோருக்கு ஞானப்பலன், அதாவது பாவத்துக்குரிய தண்டனையிலிருந்து விலக்கு, வழங்கிய பிறகு கூட்டம் இன்னும் பெருகியது.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். அந்தக் காலத்துத் திருச்சபைச் சட்டப்படி, நற்கருணை, அதாவது பூசையில் கொடுக்கும் திரு அப்பம், வாங்குகிறவர் நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பூசையும் முற்பகலில்தான் நடக்கும். கோல்டாவிலிருந்து கிளோஸ்டர்லிக்கு 800 மீட்டர் ஏற்றம். வெறும் வயிற்றோடு, தண்ணீரும் குடிக்காமல், இருட்டிலே புறப்பட்டு அந்த ஏற்றத்தை ஏறி வந்து பாவசங்கீர்த்தனம் செய்து பூசை காண்பது இளவட்டங்களுக்கு வேண்டுமானால் முடியும். கிழவிகளுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் முடியாது. முந்தின நாள் மாலையே வந்து, கோயிலடியில் உண்டு உறங்கி, விடியற்காலையில் பூசை கண்டு, அதன்பின் பசியாறி இறங்குவதுதான் வழி. ஆகவே கோயிலுக்குப் பக்கத்தில் விடுதி வந்தது வியாபாரிகளின் சாமர்த்தியத்தால் மட்டும் அன்று; நோன்பு விதியே அதை அங்கே கட்ட வைத்தது என்று நான் நினைக்கிறேன். எருது, வாள், சூரியன், மகுடம் என்று பலகைச் சின்னங்களால் அறியப்பட்ட அந்த விடுதிகளிலிருந்தே ரிகியின் விருந்தோம்பல் கதையைத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

வரவுசெலவு எழுதியது:

நோன்பைப் பற்றிய விளக்கம் சுவையாக இருக்கிறது. ஆனால் இரண்டு ஆட்சேபங்கள் உண்டு.

முதலாவது, சொல்லைப் பற்றியது. நம் ஊரில் கோயிலடியில் இருப்பது சத்திரம். இராணி மங்கம்மாள் பெயரால் மதுரையில் நிற்பதைப் போல, வழிப்போக்கருக்குத் தருமமாக விடப்பட்ட இடம். அங்கே காசு பேசுவது பிற்கால வழக்கம். நீங்கள் குறிப்பிடும் எருதும் வாளும் தொடக்கத்திலிருந்தே காசு வாங்கிய இடங்கள் என்றால், அவற்றைப் பக்தியின் பிள்ளைகள் என்று சொல்வதைவிடச் சந்தையின் பிள்ளைகள் என்று சொல்வதுதான் நேர்மை. ஐரோப்பாவிலும் தருமச் சத்திரங்கள் இருந்திருக்கின்றன. ஆல்ப்ஸில் 2,469 மீட்டர் உயரத்தில் உள்ள பெரிய சான் பெர்னார் கணவாயில், 11-ஆம் நூற்றாண்டு முதல் துறவிகள் வழிப்போக்கருக்கு இலவசமாக உணவும் படுக்கையும் கொடுத்தார்கள். விரும்பியவர்கள் கோயில் உண்டியலில் போட்டுவிட்டுப் போனார்கள். கிளோஸ்டர்லியில் துறவிகள் இருந்தும் ஏன் அப்படி நடக்கவில்லை?

இரண்டாவது, யாத்திரிகர் வேறு, சுற்றுலாப் பயணி வேறு. முன்னவர் மலையைப் பார்க்க வரவில்லை, மாதாவைப் பார்க்க வந்தார். முன்னவருக்காகக் கட்டிய விடுதியைப் பின்னவரின் வரலாற்றுக்கு முன்னுரையாக வைப்பது, ஒரே கட்டடத்தில் இரண்டு வாடகைதாரர் அடுத்தடுத்துக் குடியிருந்ததை வைத்து அவர்களை உறவினர் ஆக்குவதைப் போன்றது.

மலைச்சரிவு எழுதியது:

முதல் ஆட்சேபத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 'சத்திரம்' என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் தவிர்த்தேன். 'விடுதி' என்றுதான் எழுதினேன். சான் பெர்னார் கணவாய் உயிருக்கு ஆபத்தான கடவை. அங்கே வந்தவர் தங்கியே ஆகவேண்டும், இல்லையென்றால் பனியில் புதைவார். அப்படிப்பட்ட இடத்தில் அடைக்கலம் கொடுப்பது அறக்கடமை. அதற்கென்று நிலமானியமும் நன்கொடையும் இருந்தன. கிளோஸ்டர்லி யாரும் எங்கும் கடந்து போகிற வழியில் இல்லை. அங்கே வருவதே முடிவு, வந்தவர் திரும்பித்தான் போக வேண்டும். மேலும் கப்புச்சின் சபையார் தாங்களே பிறர் இடும் பிச்சையில் வாழ வேண்டும் என்ற ஒழுங்கை உடையவர்கள். பிச்சை ஏற்று உண்ணும் துறவி நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பந்தி போடுவது எப்படி? ஆகவே ஆன்மாவைத் துறவி பார்த்துக்கொண்டார், வயிற்றை விடுதிக்காரர் பார்த்துக்கொண்டார். இந்தப் பங்கீட்டில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

இரண்டாவது ஆட்சேபத்துக்கு ஒரு சாட்சியைக் கூப்பிடுகிறேன். ஜெர்மானியக் கவிஞர் கெத்தே 1775-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தமது 25-ஆம் வயதில், முதன்முறையாகச் சுவிட்சர்லாந்துக்குப் போனார். அந்தப் பயணத்தில் ரிகி மலையில் ஏறி அவர் இரவு தங்கியது உச்சியில் அன்று; உச்சியில் அப்போது தங்க இடமே இல்லை. பனிமாதா கோயிலடியில் இருந்த எருது விடுதியில்தான் தங்கினார். மறுநாள், ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்த விடுதியிலிருந்தபடியே கோயிலைப் படமாக வரைந்தார் என்று தமது தன்வரலாற்றில் அவரே குறித்திருக்கிறார். நண்பகலில் கால்ட்பாட் என்னும் குளிர்சுனைப் பக்கம் போய், அதன்பின் மேலே ஏறினார். நேர்ச்சைக்கு வந்த யாத்திரிகர் அல்லர் அவர். புராட்டஸ்டண்டு குடும்பத்தில் பிறந்தவர், மலையைப் பார்க்க வந்தவர். ஆனால் அவரால் மலையில் ஓர் இரவு தங்க முடிந்ததே யாத்திரிகர்களுக்காக அங்கே படுக்கை போடப்பட்டிருந்ததால்தான். இரண்டு வாடகைதாரர்கள் அடுத்தடுத்து வரவில்லை, ஐயா. ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

தருவைக்காரன் எழுதியது:

தூத்துக்குடிக்காரனாகிய நான் 'பனிமாதா' என்ற சொல்லைப் பார்த்த பிறகு சும்மா கடந்து போக முடியாது. எங்கள் ஊர்ப் பனிமய மாதா பேராலயத்தின் திருநாளும் ஆகஸ்டு 5. ரிகி கோயிலின் பெயருக்குரிய நாளும் அதே ஆகஸ்டு 5. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. 4-ஆம் நூற்றாண்டில், போப்பாண்டவர் லிபேரியுஸ் காலத்தில், கொளுத்தும் ஆகஸ்டு மாதத்து இரவொன்றில் உரோமை நகரின் எஸ்குவிலின் குன்றில் பனி பெய்து கோயில் கட்ட வேண்டிய இடத்தைக் காட்டியது என்பது மரபுக் கதை. அங்கே நிற்பதுதான் இன்றைய மரியா மஜ்ஜோரே பேராலயம். பனியே காணாத முத்துக்குளித்துறையில் மீனவ மக்கள் பனிமாதாவைக் கொண்டாடுவதும், ஆண்டில் பல மாதம் பனி மூடிக் கிடக்கும் மலைப் பள்ளத்தில் இடையர்கள் அதே பெயரைக் கொண்டாடுவதும் எனக்கு வியப்பாக இருக்கிறது. எங்கள் பழைய கோயில் எழுந்தது 1713-இல். உங்கள் ரிகி கோயில் பெரிதாக்கப்பட்டதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான்.

விடுதி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் திருநாள் ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்டு 5 வரை நடக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் உறவினர் வீடுகளில்தான் தங்குவார்கள். அந்தப் பத்து நாளும் ஒவ்வொரு வீட்டிலும் பாய் விரிக்க இடம் இருக்காது. கோயிலைச் சுற்றி ஊர் இருந்தால் வீடுகளே விடுதிகள் ஆகிவிடும். அப்படியானால் கிளோஸ்டர்லியில் விடுதி தோன்றியதற்கு நோன்பை மட்டும் காரணமாகச் சொன்னால் போதாது அண்ணாச்சி, கோயிலைச் சுற்றி ஊர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோடையில் மட்டும் ஆள் நடமாடும் இடத்தில் உறவினர் வீடு எங்கே இருக்கும்?

மலைச்சரிவு எழுதியது:

தருவைக்காரர் சொல்வது மிகச் சரி. இதை நான் யோசிக்கவே இல்லை. ஊர் இல்லாத கோயில் என்பதுதான் அடிப்படை. என் முதற்பதிவில் நோன்புக்கு முன் இதைச் சேர்த்துப் படிக்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே ஊர் இல்லை என்பதோடு இன்னொன்றும் உண்டு. ஒரு காலத்தில் கீழே இருந்த ஊரும் இல்லாமல் போயிற்று. 1806-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி மாலை, ரிகிக்கு எதிரே உள்ள ரோஸ்பெர்க் மலையின் ஒரு பக்கம் முழுவதும் சரிந்து கோல்டாவ் ஊரை மூடியது. 457 பேர் மாண்டார்கள். கிளோஸ்டர்லிக்கு ஏறும் யாத்திரைப் பாதை அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்கும். பாதையில், இயேசுவின் பாடுகளை நினைத்து நின்று செபிக்கும் சிலுவைப்பாதை நிலைகள் வரிசையாக நிற்கும். இடையில் டெஹ்லி என்ற இடத்தில் இளைப்பாற ஒரு சிறு விடுதியும் இருந்தது. பேரழிவுக்குப் பின் அந்தப் பாதையில் ஏறியவர்கள், ஒவ்வொரு நிலையிலும் நின்று திரும்பிப் பார்த்தால், முந்தின ஆண்டு கூடவே ஏறிவந்தவர்கள் புதைந்து கிடந்த பாறைக்காட்டைத்தான் பார்த்திருப்பார்கள்.

ஆட்டுப்பால் எழுதியது:

இந்த இழையில் யாத்திரிகரையும் வேடிக்கை பார்க்க வந்தவரையும் பற்றிப் பேசுகிறீர்கள். மூன்றாவதாக ஒரு கூட்டத்தை மறந்துவிட்டீர்கள், அவர்கள் நோயாளிகள்.

பாலைத் திரித்துக் கட்டியை எடுத்த பிறகு மிஞ்சும் தெளிந்த நீரை, அதாவது மோர்த்தெளிவு போன்ற பால்தெளிவை, நாள்தோறும் வேளை தவறாமல் குடித்து நெஞ்சுநோய் முதலியவற்றுக்கு மருந்தாகக் கொள்ளும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் பகுதியில் உள்ள கைஸ் என்னும் ஊரில் பேர்பெற்றது. அங்கிருந்து மற்ற மலைகளுக்கும் பரவியது. ஆட்டுப்பால் தெளிவுதான் சிறப்பு என்று கருதினார்கள். கிளோஸ்டர்லி இதற்கு ஏற்ற இடமாக இருந்தது. சுற்றிலும் மேய்ச்சல் நிலம் உண்டு, பால் பக்கத்திலேயே கறக்கிறது, பள்ளமாக இருப்பதால் குளிர்காற்று அடிப்பதில்லை, உச்சியை மூடும் மூடுபனி பல நாள் இந்தப் பள்ளத்தை எட்டுவதுமில்லை. அந்தக் காலத்து வழிகாட்டி நூல்கள் இந்த இடத்தைச் சொல்லும்போது காற்றின் தொல்லை இல்லாததைப் புகழ்ந்துவிட்டு, காட்சி எதுவும் கிடையாது என்று அடுத்த வரியிலேயே குறை சொல்லும்.

யாத்திரிகர் ஓர் இரவு தங்குவார், அதிகம் போனால் இரண்டு. நோயாளி வாரக்கணக்கில் தங்குவார். விடுதிக்காரரின் கணக்கேட்டை நினைத்துப் பாருங்கள். திருநாளில் வரும் கூட்டத்துக்குத் திண்ணையும் வைக்கோலும் போதும். வாரக்கணக்கில் தங்குகிறவருக்கு அறை வேண்டும், கணப்பு வேண்டும், நாள்தோறும் மாறுகிற சமையல் வேண்டும். கோயிலடி விடுதி வெறும் படுக்கைக் கூடம் என்ற நிலையிலிருந்து உயர்ந்ததற்கு இந்தப் பால்தெளிவுக்காரர்களுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். அவர்களுக்குப் பொழுதுபோக்குக் கிடையாது என்பதால், காலைப் பூசைமணி, மாலை மணி, ஜூலையில் வரும் இடையர் திருவிழா இவற்றை எண்ணிக்கொண்டுதான் நாளை நகர்த்தியிருப்பார்கள்.

வரவுசெலவு எழுதியது:

நோயாளிகளின் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. அது சந்தைக் கணக்கு என்பதால். கெத்தேயைக் கொண்டுவந்து நிறுத்தியதற்கும் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் மலைச்சரிவு அவர்களே, உங்கள் வழக்கில் ஒரு கண்ணி இன்னும் விட்டுப்போயிருக்கிறது. கோயிலடி விடுதி முன்னதாகவே இருந்தது என்பது நிறுவப்பட்டது. உச்சியில் 1816-இல் எழுந்த விடுதி அதிலிருந்து பிறந்தது என்பது நிறுவப்படவில்லை. சூரிய உதயம் பார்க்க விரும்பிய நகரத்துக்காரர்கள் தாங்களாகவே பணம் போட்டு உச்சியில் ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள் என்றால், பள்ளத்தில் இருந்த கோயிலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

மலைச்சரிவு எழுதியது:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

உச்சியில் ஒரு கூரை வேண்டும் என்று முனைந்து பணம் திரட்டியவர் சூரிச்சைச் சேர்ந்த நிலப்பட வரைஞர் ஹைன்ரிக் கெல்லர். ரிகி உச்சியிலிருந்து தெரியும் மலைகளை எல்லாம் சுற்றுக்காட்சியாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி அச்சிட்டவர் அவர். நகரத்துக்காரர் பணம் போட்டார் என்ற மட்டில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் 1816-இல் அந்த மரவீட்டைக் கட்டி நடத்தியவர் யார் என்று பாருங்கள்: மார்ட்டின் பியூர்கி, கிளோஸ்டர்லியில் மகுடம் விடுதியை நடத்திவந்தவர். மலைமேல் படுக்கை விரிக்கவும், மாவும் திராட்சை மதுவும் விறகும் ஆள் முதுகில் ஏற்றிக் கொண்டுவரவும், பனி உருகும் நாளையும் பூட்ட வேண்டிய நாளையும் கணிக்கவும் தெரிந்த தொழில்காரர் அந்த மலையில் வேறு எங்கே கிடைத்திருப்பார்? கோயிலடியில்தான். யாத்திரிகர்களுக்குப் பரிமாறிப் பழகிய கைதான் உச்சிக்கு ஏறியது.

இதில் ஒரு வேடிக்கை. 1816 என்பது ஐரோப்பாவில் கோடையே வராமல் போன ஆண்டு. முந்தைய ஆண்டு இந்தோனேசியத் தீவுகளில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக மழையும் குளிரும் பஞ்சமும் வாட்டிய ஆண்டில் சூரிய உதய விடுதியைத் திறந்திருக்கிறார் மனிதர். துணிச்சல்தான்.

துணிச்சல் பலித்தது. அதன் பிறகு வந்தவர்களுக்கு உதயமும் அத்தமனமும்தான் குறி. உச்சி விடுதியில் விடியுமுன் நீண்ட மரக்கொம்பை ஊதி விருந்தினரை எழுப்புவார்கள்; போர்வையைச் சுற்றிக்கொண்டே ஓடிவந்து கிழக்கே பார்த்து நிற்பார்கள். கிளோஸ்டர்லி விடுதியில் படுத்திருப்பவருக்கு இது கிடைக்காது. காற்றிலிருந்து காக்கும் பள்ளம் என்பதுதான் அங்கே கோயிலும் விடுதியும் வரக் காரணம். அதே பள்ளம்தான், மனிதர்கள் மலையைப் பார்க்கும் விதம் மாறிய பிறகு, அந்த விடுதிகளைப் பின்தள்ளியது. பிள்ளை உச்சியில் பெரியவனாகிப் பெயர் வாங்கினான். தாய் பள்ளத்தில் இருந்துவிட்டாள். பயணக் கட்டுரைகள் பிள்ளையின் பிறந்தநாளை மட்டும் எழுதுகின்றன.

குன்னூர்க்காரி எழுதியது:

ரயிலைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு திருத்தம். 1871-ஆம் ஆண்டு மே 21 அன்று லூசெர்ன் ஏரிக்கரையில் உள்ள விட்ஸ்னாவிலிருந்து ஏறிய ரயில் உச்சிவரை போகவில்லை. லூசெர்ன் மாநிலம் கொடுத்த உரிமம் அதன் எல்லையாகிய ஷ்டாஃபெல்ஹோவேயோடு முடிந்துவிட்டது. அதற்கு மேல் ஷ்வீஸ் மாநிலத்தின் நிலம். உச்சிவரை 1873-இல்தான் போயிற்று. ஷ்வீஸ் பக்கத்துக்காரர்கள் தங்கள் பங்குக்குக் கோல்டாவ் வழியாக 1875-இல் இன்னொரு பாதையைத் திறந்தார்கள். கிளோஸ்டர்லியைத் தொட்டுப் போவது இந்த இரண்டாவது பாதை. 1907-இல் இது மின்மயமானது. நூறாண்டுக்கு மேல் போட்டியாளர்களாக இருந்த இரண்டு கம்பெனிகளும் 1992-இல்தான் ஒன்றாயின.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் எங்கள் மலைரயில். விட்ஸ்னாவ் பாதையை அமைத்த பொறியாளர் நிக்லாஸ் ரிகென்பாக் 1882-இல் நீலகிரிக்கே வந்து, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பாதை போடத் திட்டமும் மதிப்பீடும் கொடுத்தார். அதற்காகத் தொடங்கிய கம்பெனியின் பெயரிலேயே 'நீலகிரி ரிகி ரயில்வே' என்று ரிகி இருந்தது. கடைசியில் 1899-இல் குன்னூருக்கு ரயில் வந்தபோது அவருடைய பற்சட்ட முறைக்குப் பதிலாக, அவரிடம் வேலை பார்த்த ரோமான் ஆப்ட் உருவாக்கிய முறையைத்தான் பயன்படுத்தினார்கள். இழையைத் திசை திருப்ப மாட்டேன்; மலையில் ரயில் வந்தால் வழியில் இருந்த தங்குமிடங்களுக்கு என்ன ஆகும் என்பதை நாங்களும் கண்டவர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதினேன். மாட்டுவண்டியும் பல்லக்கும் ஏறிய காலத்தில் மலைவழியில் ஓர் இரவு என்பது தவிர்க்க முடியாதது. ரயில் வந்த பிறகு அதே இடம் சன்னல் வழியாகப் பார்க்கும் ஒரு நிலையப் பெயர்ப்பலகை ஆகிவிடுகிறது. ரிகியிலும் நாற்காலி சுமப்பவர்களும் குதிரைக்காரர்களும் ஒரே தலைமுறையில் பிழைப்பை இழந்தார்கள். கோயிலடி விடுதிக்காரருக்கும் அடி விழுந்திருக்கத்தான் வேண்டும்.

வரவுசெலவு எழுதியது:

பியூர்கி விஷயத்தில் நான் தோற்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். மகுடம் விடுதிக்காரர் உச்சிக்கு ஏறினார் என்றால் கண்ணி சேர்ந்துவிட்டது.

ஆனால் குன்னூர்க்காரி அம்மாவின் முடிவை அப்படியே ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. ரயில் வந்ததும் யாத்திரிகர் தங்கும் தேவை உடனே போயிருக்காது. மலைச்சரிவின் நோன்பு வாதத்தை அவருக்கே திருப்பிக் கொடுக்கிறேன். காலையில் முதல் ரயில் வந்து சேர்வதற்குள் விடியற்காலைப் பூசை முடிந்துவிடும் என்றால், நற்கருணை வாங்க விரும்புகிறவர் முந்தின நாளே வந்துதான் ஆகவேண்டும். நோன்பு விதி எப்போது தளர்ந்தது? போப்பாண்டவர் 12-ஆம் பயஸ் 1953-இல் தண்ணீர் குடிக்கலாம் என்றார், மாலைப் பூசைக்கும் இடம் கொடுத்தார். 1957-இல் நள்ளிரவு என்பதை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். 1964-இல் அது ஒரு மணி நேரம் ஆனது. ரயில் 1875-இல் விடுதியின் ஒரு தூணைத் தட்டியது. மற்றொரு தூண் 1950களில்தான் விழுந்தது என்று கணக்கு வைப்பதுதான் பொருந்தும்.

மலைச்சரிவு எழுதியது:

என் வாதத்தை என்னைவிட நன்றாகப் பயன்படுத்திவிட்டீர்கள். ரயில் சரக்கையும் ஏற்றி வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆள் முதுகில் வந்த மாவுமூட்டை ரயிலில் வந்தபோது விடுதிக்காரரின் செலவு குறைந்திருக்கும். அதற்கு மேல் அடித்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

சூரிச்வாசி எழுதியது:

இருபது ஆண்டுகளாக இந்த நாட்டில் வாழ்கிறேன். உங்கள் வாதத்துக்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். கோயிலடி விடுதி காட்சியால் பின்தள்ளப்படாமல், காட்சியாலேயே மூச்சுத் திணறிய கதை அது.

அப்பென்செலில் எபெனால்ப் என்னும் மலைக்குக் கீழே, செங்குத்தான பாறைச் சுவரில் வில்ட்கிர்ஹ்லி என்ற குகைக்கோயில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே வழிபாடு உண்டு. அருகிலேயே துறவிகள் ஒருவர்பின் ஒருவராக 1853 வரை தனித்து வாழ்ந்தார்கள். குகையைத் தாண்டிச் சில நிமிடம் நடந்தால், பாறையே பின்சுவராக அமைந்த எஷர் என்ற சிறு மலைவிடுதி. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அங்கே விருந்தினர் தங்குகிறார்கள். 2015-இல் ஒரு பெரிய அமெரிக்கப் பதிப்பகம் வெளியிட்ட சுற்றுலாப் படநூலின் அட்டையில் இந்த விடுதி வந்தது. அதன்பின் உலகமே அதைத் தேடி வந்தது. தண்ணீரும் இடமும் அந்தக் கூட்டத்துக்குப் போதவில்லை. பல ஆண்டுகளாக நடத்திவந்தவர்கள் 2018-இல் விட்டுவிட்டுப் போனார்கள். குகைக்கோயிலைத் தாண்டித்தான் எல்லோரும் போகிறார்கள். ஆனால் அங்கே நின்று தலை குனிகிறவர்கள் குறைவு. நான் போன அன்று, குகைக்குள் மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள் என் மனைவியும் ஒரு கிழவரும் மட்டும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாசெல் அருகே உள்ள மரியாஷ்டைன் திருத்தலத்துக்கு ஆகஸ்டு மாதத்தில் ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிறோம். கிறிஸ்தவர் மட்டுமல்ல, சைவர்களும் வருவார்கள், இலங்கையின் மன்னார்ப் பக்கத்து மடு மாதா திருத்தலத்துக்குப் போன நினைவில். நாங்கள் யாரும் விடுதியில் தங்குவதில்லை. சோறும் கறியும் காரில் ஏற்றிக்கொண்டு போய், புல்லில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்குத் தீத்திவிட்டு மாலையில் திரும்பிவிடுகிறோம். தருவைக்காரர் சொன்ன உறவினர் வீடு எங்களுக்கு அந்தப் புல்வெளிதான். மடுவில் காட்டுக்குள் கொட்டில் போட்டு வாரக்கணக்கில் தங்கியவர்கள் நாங்கள். யாத்திரை என்றால் விடுதி வேண்டும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

மலைச்சரிவு எழுதியது:

எஷர் விடுதியைப் பற்றிய பதிவு என்னை யோசிக்க வைத்தது. காட்சி இருந்தால் ஒரு விதமான கேடு, இல்லாவிட்டால் வேறு விதமான கேடு என்று ஆகிறது. ரிகி உச்சியிலும் இதுதான் நடந்தது. 1875-இல் அங்கே மாளிகைபோன்ற பெரிய ஓட்டல் எழுந்தது. உச்சியே கட்டடக் காடானது. பிறகு போர்களும் பொருளாதார முடக்கமும் வந்து விருந்தினர் குறைந்து, அவை பாழடைந்தன. 1950களின் தொடக்கத்தில், நாட்டின் மரபுக் காப்புச் சங்கம் சாக்லேட் நாணயங்களை விற்றுத் திரட்டிய பணத்தின் உதவியோடு, அந்தப் பழைய ஓட்டல்களை இடித்து உச்சியைச் சுத்தம் செய்தார்கள். இப்போது அங்கே நிற்பது அதன்பின் கட்டிய அடக்கமான ஒரே ஓட்டல். பள்ளத்தில் இருந்த கோயிலை இடிக்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. அது இன்றும் நிற்கிறது, பூசை நடக்கிறது.

தருவைக்காரன் எழுதியது:

எங்கள் பெரியம்மா ஒருவர் அடுத்த ஆண்டு மகனைப் பார்க்க லூசெர்ன் வருகிறார். பனிமாதா கோயில் அங்கே ஒன்று இருக்கிறது என்று சொன்னதும் ஆகஸ்டு 5-க்கே போக வேண்டும் என்கிறார். முழங்கால் வலி உண்டு. எந்த வழியாக அனுப்பலாம்?

மலைச்சரிவு எழுதியது:

லூசெர்னிலிருந்து படகில் விட்ஸ்னாவ் போய்ச் சிவப்பு ரயிலில் ஏறும்படிதான் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பாதை கிளோஸ்டர்லியைத் தொடாது. நம்மவர்களில் பெரும்பாலோர் கோயிலையே பார்க்காமல் திரும்புவதற்கு இதுதான் காரணம். ஆர்த்-கோல்டாவ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து புறப்படும் நீல ரயிலில் ஏறச் சொல்லுங்கள். கிளோஸ்டர்லி நிலையத்திலிருந்து கோயில் சில நிமிட நடைதான். நான் போன அன்று வண்டி நிறைய ஆள் இருந்தும் அங்கே இறங்கியது நான் ஒருவன் மட்டுமே. கதவு திறந்ததும் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள், தப்பான இடத்தில் இறங்குகிறேனோ என்று. பெரியம்மா தயங்காமல் இறங்கட்டும். உச்சிக்குப் போக விரும்பினால் அடுத்த வண்டி அதே நடைமேடைக்கு வரும். ஆகஸ்டிலும் பள்ளத்தில் மாலை குளிரும். ஒரு கம்பளிச் சால்வை கையில் இருப்பது நல்லது.